கால் பட்டதற்கு

நிரூபா சுட்டது சரியாகத்தான் இருந்தது. அதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. சுட்ட பிறகு அவள் செய்த காரியம்தான் அவளைத் தோற்கடித்தது. அதைக்கூடத் தான் செய்யவில்லை, தன் கை செய்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வாள்.

அவளுக்கு மெல்பேர்ன் ஓரத்திலிருக்கிற வெரிபீயில் வீடு. ஆறு வருடமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரவுக் காவல். இடுப்பில் ஒரு ரேடியோ, பையில் ஒரு சோடி கையுறை, இவைதான் அவளுடைய ஆயுதங்கள். குடித்துவிட்டு வந்து கதிரையைத் தூக்கி எறிகிறவனிடம் பக்குவமாகப் பேசி, அந்தக் கதிரையிலேயே அவனை இருத்திவிடுகிற திறமைசாலி. ஆனால் அவளுடைய மகள் மிதுஷா பள்ளிக்கூடத்தால் வந்து, சாப்பிட்டு, அன்றைய கதையைச் சொல்ல வாயைத் திறக்கிற நேரத்தில்தான் நிரூபா சப்பாத்துக் கட்டத் தொடங்குவாள். ஒரு நாள் அந்தப் பிள்ளை தன் கதையைப் பாதியில் நிறுத்தி, "இட்ஸ் ஓகே அம்மா, வீக்கெண்ட்ல சொல்றன்" என்று பெரிய மனுசி மாதிரிச் சொல்லிவிட்டுப் போனது. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த ஓகேயைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தக் கிழமையே விசாரிக்கத் தொடங்கினாள். வங்கிகளுக்கும் கடைகளுக்கும் பணம் ஏற்றிப்போகும் வண்டியில் பகல் வேலைக்கு ஓர் இடம் இருந்தது. விடிய வெளிக்கிட்டால் பின்னேரம் வீட்டில் நிற்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, கைத்துப்பாக்கிப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். மாதம் முடியும்வரை இடத்தைப் பிடித்து வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் முடியாது என்றும் அங்கிருந்த மேலாளர் சொன்னார்.

துப்பாக்கி என்றதும் இந்த நாட்டைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. இங்கே "எனக்குப் பயமாயிருக்கிறது, தற்காப்புக்கு ஒன்று வேண்டும்" என்று போய்க் கேட்டால் தரமாட்டார்கள். பயப்படுகிற ஆளிடம் துப்பாக்கி இருப்பதுதான் பெரிய பயம் என்பது இந்த ஊர்ச் சட்டத்தின் எண்ணம். அது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. பணவண்டிக் காவலர் மாதிரி, வேலையே அதுவாக இருக்கிறவர்களுக்குத்தான் அனுமதி. அவர்களும் வேலை முடிந்ததும் அதை அங்கேயே பூட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியோடு மட்டும் வீட்டுக்குப் போக வேண்டும்.

பயிற்சிக்கூடம் நகரின் மேற்குப் பக்கத்தில், ஒரு டயர்க் கடைக்கும் மீன் குளிரூட்டுகிற கிட்டங்கிக்கும் நடுவில் இருந்தது. பயிற்சி கொடுத்தவர் கிளென். முன்னாள் பொலிஸ்காரர், பெரிய உடம்பு, சின்னக் குரல். முதல் நாளே நிரூபா அவரைக் கேள்வியால் துளைத்தெடுத்தாள். சுட்டதும் துப்பாக்கியின் மேல்பாகம் ஏன் பின்னுக்கு ஓடித் திரும்பி வருகிறது, வெறும் தோட்டாக் கோது ஏன் எப்போதும் வலப்பக்கமாகவே தெறிக்கிறது, சத்தம் காதுக்கு வருமுன் ஏன் வயிற்றுக்கு வருகிறது என்று ஒன்றையும் விடவில்லை. மற்றவர்கள் தேநீர் இடைவேளை எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளென் மட்டும் அலுக்காமல் பதில் சொன்னார்.

அவளுடைய ஆர்வத்துக்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு வயதில் வன்னியிலிருந்து வெளிக்கிட்டு, சுற்றிச் சுற்றி மெல்பேர்னுக்கு வந்தவள். துவக்கின் முன்பக்கத்தை அவள் சின்ன வயதிலேயே வேண்டியமட்டும் பார்த்தாயிற்று. பின்பக்கத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தரம். பின்னுக்கு நிற்கிறவனுக்கு என்ன தெரியும், என்ன தோன்றும் என்று அறிகிற ஆசை அவளுக்குள் வெகு காலமாக இருந்தது. அந்த ஆசையைக் கணவன் ஆரூரனிடம்கூட அவள் சொன்னதில்லை. வேலைக்காகப் படிக்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

கடதாசி இலக்கில் அவள்தான் அந்த வகுப்பில் முதல். "உனக்கு இது வருகிறது" என்று கிளென் சொன்னபோது, சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் முழித்தாள்.

ஆனால் கடதாசி திருப்பிச் சுடாது. அதனால் இரண்டாவது பகுதி ஒன்று இருந்தது. கூடத்தின் பின்பக்கம் ஒட்டுப்பலகையால் சுவர் எழுப்பி ஒரு கடையின் முன்கூடம் மாதிரிக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு பொய்க் காசு இயந்திரம், ஒரு மெய்யான குளிர்பான இயந்திரம், ஒரு கதவு. அங்கே சுடுகிற துப்பாக்கி நிஜம் மாதிரியே உதறும், வெடிக்கும், ஆனால் அதிலிருந்து வருவது நீலச் சாயம். சுடப்படுகிற ஆளும் நிஜம். அவன் பெயர் சஞ்சய். கோவில்பட்டிக்காரன், பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறான், சனிக்கிழமைகளில் இங்கே வந்து மெத்தை மாதிரி ஓர் உடுப்பும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு கொள்ளைக்காரனாக நடிப்பான். அம்மாவிடம் நூலகத்தில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறான்.

கிளென் விதிகளைச் சுருக்கமாகச் சொன்னார். சுட விரும்பாத எதன் பக்கமும் துப்பாக்கியின் வாய் திரும்பக் கூடாது. உன் பக்கம் கூடவே கூடாது. நான் விசில் ஊதும்வரை கண்ணை மூடக் கூடாது. சுடாமல் முடிக்க வழி இருந்தால் அதுதான் முதல் வழி.

நிரூபா இடக்கையில் பணப்பையோடு கதவைத் திறந்து உள்ளே வந்தாள். குளிர்பான இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து சஞ்சய் வெளிப்பட்டான், கையில் துப்பாக்கி. அவள் பையை விட்டாள், பக்கவாட்டில் விலகினாள், "போடு கீழே" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். அவன் போடவில்லை, உயர்த்தினான். அவள் உருவிச் சுட்டாள். நெஞ்சில் இரண்டு நீலப் பொட்டுகள். சஞ்சய் சுருண்டு விழுந்தான். எல்லாம் பாடப் புத்தகம் மாதிரி நடந்தது. வெளிக்கதவை மறைத்து நிற்க வேண்டும் என்று அவள் அவனைத் தாண்டிப் பாய்ந்தாள். அப்போது அவளுடைய பூட்ஸ் அவன் மணிக்கட்டில் ஏறியது.

அவ்வளவுதான். நிரூபா சட்டென்று குனிந்தாள். துப்பாக்கி பிடித்த அதே வலக்கையால் அவன் தோளைத் தொட்டாள். தொட்ட கையைக் கொண்டுபோய்த் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றினாள்.

தரையில் கிடந்த பிணம், "பரவால்லக்கா" என்றது.

விசில் சத்தம் சுவரைப் பிளந்தது. கிளென் ஓடிவந்து அவள் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். அதன் வாய் அவளுடைய நெற்றியைத் தடவிக்கொண்டு போனதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற மாணவர்களுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று விளங்கவில்லை. நிரூபாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கிளென் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். அவர் ஒரு வாங்கில் உட்கார்ந்து, உண்மையாகவே அறிய விரும்புகிறவர் போலக் கேட்டார். "நீ இவனை இரண்டு தடவை சுட்டாய். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்டாய். நான் பார்த்தது சரியா?"

"சரி."

"ஏன்?"

கேள்வி கேட்டே பழகிய நிரூபாவுக்குக் கேள்வி தன் பக்கம் வருவது புதிது. சஞ்சய்தான் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு விளக்கினான். ஆள்மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், புத்தகத்தில் பட்டாலும் அப்படித்தான், காசில் பட்டாலும் அப்படித்தான்.

"காசுக்கும் உண்டா?" என்றார் கிளென். "இவள் போகப்போவது பணவண்டிக்கு. பைகள் எல்லாம் தரையில்தான் கிடக்கும்." சிரிப்பை அடக்கிக்கொண்டு, செத்தவன் பேசக் கூடாது என்று சஞ்சய்க்கும் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு நிரூபாவிடம் திரும்பி, தான் இதைத் தேர்ச்சி என்று போட முடியாது என்றார். இரண்டு கிழமை கழித்து ஒரு தடவை திரும்பச் செய்யலாம். அதிலும் தவறினால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் என்றால் பகல் வேலை போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட ஆரூரன் சோபாவிலிருந்து நழுவி விழுந்து சிரித்தான். அவன் பஸ் ஓட்டுகிறவன், நாள் முழுக்கச் சிரிக்காமல் இருக்க வேண்டிய வேலை. அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினான்.

"சரியப்பா, பழகினது தானே. பழகினதை மாத்தலாம். நான் படுக்கிறன், நீர் உழக்கும்."

அப்படித்தான் அந்த வீட்டின் நடைபாதையில் ஒத்திகை தொடங்கியது. ஆரூரன் ஒரு வாழைப்பழத்தைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு குறுக்கே செத்துக் கிடப்பான். நிரூபா கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு வந்து அவன் கையில் மெதுவாக மிதித்துத் தாண்டுவாள். ஒவ்வொரு முறையும் போத்தல் அவன் தோளுக்குப் போய் அவள் நெற்றிக்கு ஏறும். மனம் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கை காரியத்தை முடித்திருக்கும். "இந்தக் கை ஆற்றை கை?" என்று, வேறு யாருடையதோ என்பதுபோல அவளே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒரு நாள் யோகா மாமி, ஆரூரனின் அம்மா, குசினிக்குப் போகிற வழியில் இதைக் கண்டுவிட்டார்.

"என்ன பிள்ளை இது? கட்டின மனுசனை உழக்கிக்கொண்டு போறாய். தொட்டுக் கும்பிடவும் மாட்டாயாம்."

"அம்மா, நான் இப்ப செத்துப்போய்க் கிடக்கிறன்," என்றான் ஆரூரன் தரையிலிருந்து. "என்னோட கதைக்காதேங்கோ."

"விசர்க் கதை கதைக்காதை. எழும்படா." மாமி சுவரோடு சுவராக ஒதுங்கி, மகனின் கால் தன்மேல் படாமல் கடந்து போனார். அன்று முழுக்க நிரூபாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நிரூபாவுக்கு இது இப்போது வெறும் சோதனையாக இல்லை, ஓர் ஆராய்ச்சியாகிவிட்டது. நகரின் வடக்குப் பக்கம் கிரெய்கிபர்னில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போன இடத்தில், கையில் சாமான் இருக்கும்போது கால் பட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். சாமானை வைத்துவிட்டுத்தான் தொடுவேன் என்றார் ஓர் அன்ரி. இடக்கையால் தொட்டால் அது தொடாததைவிட மோசம் என்றார் இன்னொருவர். ஒரு டொக்டர், இது மூளைக்குப் போகாமல் முதுகுத்தண்டோடு திரும்புகிற விஷயம் என்று கேக்கை வெட்டிக்கொண்டே விளக்கினார். அதை அவர் மனைவியே நம்பவில்லை. சஞ்சய்க்குப் போன் எடுத்துக் கேட்டாள்.

"நான் மனசுக்குள்ளயே பண்ணிக்குவேன்க்கா. பஸ்ல கூட்டத்துல நின்னா எத்தனை பேரைத் தொடுறது."

மனசுக்குள் செய்வது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கைக்கு அது எப்படித் தெரியும்? ஆகவே ஒத்திகையைக் கடுமையாக்கினாள். நடைபாதையில் மிதுஷாவின் பழைய பள்ளிப் புத்தகங்களைப் பரப்பி அவற்றின் மேல் நடந்தாள். முதல் நாள் ஒன்றையும் தாண்ட முடியவில்லை. இரண்டு மூன்று நாளில் கை பாதி தூரம் போய் நின்றது. அடுத்த கிழமை அது அசையவே இல்லை. வென்றுவிட்டாள். அந்த வெற்றி அவளுக்கு அருவருப்பாக இருந்தது, புத்தகங்களை அடுக்கி வைக்கும்போது வாய்விட்டு ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

கை அடங்கிய பிறகுதான் மற்றக் கேள்வி தலையைத் தூக்கியது. கிளென் கேட்ட கேள்வி. மிதித்ததற்குத் தொட்டாய், சுட்டதற்கு ஏன் ஒன்றுமில்லை? பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது அதை ஆரூரனிடம் சொன்னாள்.

"அது சாயம்தானே," என்றான் அவன். "பொடியனுக்கு நோகவே இல்லை."

"சுடேக்க நான் சாயம் எண்டு நினைக்கேல்ல."

"பின்னை?"

"உண்மையான ஆள் எண்டுதான் நினைச்சனான். உண்மையான துவக்கு எண்டுதான் நினைச்சனான். விழுத்தினாப் பிறகும் எனக்கு ஒண்டும் செய்யேல்லப்பா. கை நடுங்கேல்ல, நெஞ்சு இடிக்கேல்ல. அவன்ர கையில கால் பட்டாப் பிறகுதான் ஐயோ எண்டு இருந்தது."

ஆரூரன் கோப்பையைக் கீழே வைத்தான். "இந்த வேலை வேண்டாம் எண்டு தோணுதோ?"

"இல்லை. வேலை வேணும். அந்தப் பிள்ளையின்ர கதையை நான் கேக்க வேணும்." தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "சின்னனில சென்றியில துவக்கோட காவல் நிண்டவங்களைப் பாத்து யோசிச்சிருக்கிறன். பின்னுக்கு நிக்கிறவனுக்கு என்ன தோணும் எண்டு. ஒண்டும் தோணாது. அதைத்தான் அறிஞ்சனான். எனக்கு அது பிடிக்கேல்ல."

ஆரூரன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். நல்லவன், இந்த இடத்தில் எதையாவது சொல்லிக் கெடுக்கவில்லை. யோகா மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் பருத்தித்துறை வடை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் முறை சோதனைக்கு நிரூபா வெள்ளனவே போய்விட்டாள். ஒட்டுப்பலகைச் சுவர்களை இடம் மாற்றியிருந்தார்கள். இப்போது அது ஒரு கடையின் பின்கதவும் ஒடுங்கிய வழியும். சஞ்சய் மெத்தை உடுப்போடு வந்து, தூரத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கிளென் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தொடங்கு என்று கையசைத்தார்.

அவள் பையோடு வழிக்குள் நுழைந்தாள். சஞ்சய் முன்னால் வந்து நின்றான். இந்த முறை அவன் உடனே ஆயுதத்தைக் காட்டவில்லை. ஒரு கை சட்டைப்பையில், வாயில் கெட்ட வார்த்தை. அவள் பையைக் கீழே விட்டு, பின்னால் ஓரடி எடுத்து, ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரியே பேசினாள். "பை உனக்குத்தான், எடுத்துக்கொண்டு போ. நான் உன்னைத் தடுக்கமாட்டேன்." அது உண்மையாகவே சரியான வழி, கிளென் சொன்ன முதல் வழி. அவன் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒரு கணம் குனியப்போவது போலத்தான் இருந்தது. அவன் குனிய வேண்டும் என்று அவள் முழு மனதோடு விரும்பினாள். சுடாமல் முடிய வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டதை அவளே கவனித்தாள்.

அவன் கையை வெளியே எடுத்தான். அதில் துப்பாக்கி இருந்தது. "போடு கீழே" என்று கத்தினாள். அவன் அதை அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினான். அவள் சுட்டாள்.

அவன் வழிக்குக் குறுக்கே விழுந்தான். கதவுக்குப் போக அவனைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நிரூபா கண்ணை அகல விரித்தபடி, துப்பாக்கியின் வாயைத் தரைக்குக் காட்டியபடி, காலை நன்றாக உயர்த்தி அவனைத் தாண்டினாள். பூட்ஸ் எங்கும் படவில்லை. கதவின் ஓரம் ஒதுங்கி நின்று, ரேடியோவில் இடத்தையும் நடந்ததையும் சொல்லி உதவி கேட்டாள். கண்ணிமைக்கவில்லை. கிளென் விசில் ஊதினார்.

அவர் வந்து துப்பாக்கியை வாங்கி, வெறுமையாக்கி, தட்டில் வைத்தார். "பேசிப் பார்த்தது நல்லது," என்றார். "மிச்சமும் நல்லது. நீ தேறிவிட்டாய்."

நன்றி என்று சொன்னாள். இந்தச் செய்தியை இன்றைக்கே மிதுஷாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். இனிப் பின்னேரங்கள் அவளுடையவை. ஆனால் அவள் வெளிக்கதவை நோக்கிப் போகவில்லை, திரும்பி வழிக்குள் போனாள்.

சஞ்சய் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சூப்பர்க்கா, பாஸாயிட்டீங்க" என்று சிரித்தான். நிரூபா அவன் முன்னால் முழங்காலில் இருந்தாள். அவனுடைய நெஞ்சில், நீலச் சாயம் பட்டிருந்த இடத்தில், வெறும் வலக்கையை வைத்தாள். அந்தக் கையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். இமைகளில் நீலம் ஒட்டியது.

சஞ்சய்க்குப் புரியவில்லை. "அக்கா, கால் படவே இல்லையே."

"இது காலுக்கில்லைத் தம்பி."

அவள் என்ன சொன்னாள் என்று கிளென் தட்டைப் பிடித்தபடி கேட்டார். சஞ்சய் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவன் எழுந்து, சாயத்தைத் துடைக்க அவளுக்கு ஒரு துணி எடுத்துவரப் போனான்.